கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ‘பார்ப்போம்’

மேலச்சத்திரம் மிளகாய் வத்தல் முன்பேரச் சந்தையில், பேரம் பேசும்போது வாயிலிருந்து விழுகிற சொல்லை, சொன்னவர்தான் ஐந்து வருடம் வளர்க்க வேண்டும். முதல் இரண்டு வருடம் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு சந்தையின் சரக்குக் கிட்டங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம்; ஆனால் ஆய்வாளர் கேட்டால் மூன்றாம் நாள் நேரில் வந்து நிற்க வேண்டும். சொன்னபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அன்றன்று விழுந்த சொற்களின் பட்டியலை, யாரிடம், எத்தனை மணி எத்தனை நொடிக்கு என்ற விவரத்தோடு, மாலை ஐந்து மணிக்குள் சந்தைக் கவுண்டரில் கொடுத்துவிட வேண்டும்.

வாய் பேசாதவனுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. தங்கப்பழத்துக்கு வாய்தான் முதல்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் ஒதுங்காதவர் அவர். பதினோரு வயதில் வத்தல் மூட்டை தூக்க வந்து, தும்மித் தும்மியே ஆள் ஆனவர். அப்புறம் எட்டு வருடம் சந்தைக் கதவுக்கு வெளியே நின்று விலை கூவினார். கடைசியில் பதினேழாம் நம்பர் பலகை கிடைத்தது. இரண்டடி அகலம், சிவப்புப் பெயின்ட்டில் பெயர். அந்தச் சந்தையில் பலகை இல்லாதவன் உட்கார முடியாது, உட்காராதவன் பேரம் பேச முடியாது.

அங்கே கைமாறுவது வத்தல் இல்லை, மாசி மாதம் வரப்போகிற வத்தலின் விலை. செடி நட்டிருக்க மாட்டார்கள், விதைகூட வாங்கியிருக்க மாட்டார்கள். அதற்குள் அந்த வத்தல் நாலு கை மாறி, இரண்டு சண்டை நடந்து, ஒரு சமாதானமும் ஆகியிருக்கும்.

தங்கப்பழம் பேரம் பேசினால் கூட்டம் கூடும். கேட்ட விலையில் பாதியைச் சொல்வார். எதிராளி சிரித்தால் வைவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வாசல்வரை போவார். அங்கே நின்று செருப்பைத் தேடுவார். செருப்பு காலில்தான் இருக்கும். எதிராளி கூப்பிடுவதற்கு அவ்வளவு அவகாசம் கொடுப்பார். கூப்பிடாவிட்டால் திரும்பி வந்து, கூப்பிடாததற்காக இன்னொரு தடவை வைவார்.

இந்த வகையில் ஒரு பேரத்துக்குச் சராசரி இருநூறு சொல் விழும். கோழிக்குஞ்சு அளவில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தன்னைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாது, அதையும் தங்கப்பழத்தின் குரலில்தான் சொல்லும். வசவுச் சொற்கள் கனம் அதிகம், தரையைப் பிறாண்டும். கட்டிலுக்கு அடியில் ‘களவாணி’ மட்டும் நாற்பத்தொன்று இருந்தன. ‘ம்’ போன்றவை கடுகு அளவுதான். அவற்றைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார்.

கைக்கெட்டும் தூரம் என்பது கட்டிலில் மல்லாந்து படுத்துக் கையை நீட்டினால் தொடுகிற தூரம். சந்தைக்காரர்கள் வந்து அளந்து, இருபத்தொன்பது அங்குலம் என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்குமேல் ஓர் அங்குலம் தள்ளி ஒரு சொல் தூங்கினாலும் அபராதம். வேறு ஊரில் ஒருவரைக் கை நீளம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். மேலச்சத்திரத்தில் அது தகுதி. நீளக் கைக்காரர்களுக்குப் பெண் கொடுக்கப் போட்டி.

சொற்களுக்குக் குருணை வைப்பது தங்கப்பழத்தின் மனைவி பேச்சியம்மாள். கை தாராளம். இரண்டு வருடத்துக்கு முன்னால், வாடிக் கிடக்கிறதே என்று ஒரு ‘கொஞ்ச’த்துக்குக் கூட ஒரு பிடி போட்டுவிட்டாள். அது கொழுத்துக் கொழுத்து ஒரு வெள்ளிக்கிழமை ‘நிறைய’ ஆகிவிட்டது. ஆய்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. வெறும் நீர்மோர் கொடுத்து, முற்றத்தில் நாற்பது சுற்று ஓட வைத்து, முந்தின நாள் சாயங்காலம்தான் பழையபடி ‘கொஞ்சம்’ ஆக்கினாள். அன்றிலிருந்து ஆழாக்கு வைத்து அளந்துதான் போடுகிறாள்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை தங்கப்பழம், நாலாம் நம்பர் பலகைக் கொம்பையாவோடு பேரத்துக்கு உட்கார்ந்தார். மாசி வத்தல் முந்நூறு மூட்டை. கொம்பையா விற்கிறவர், தங்கப்பழம் வாங்குகிறவர்.

இருவருக்கும் இருபது வருடப் பகை. கொம்பையா குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கேட்டதற்கு இனிப்பாக ஒரு சொல் சொல்வார், அதிலும் பாதியை விழுங்கிவிடுவார். ஐந்து வருடத்துக்கும் சேர்த்து அவர் வீட்டில் எண்பது சொல்தான், ஒரே கூடையில் அடங்கிவிடும். தங்கப்பழத்துக்கு அந்தக் கூடையை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கும் வழக்கம்போல் பாதி விலை, வசவு, வாசல், செருப்பு எல்லாம் ஆயிற்று. விலை படியவில்லை. கிளம்பும்போது தங்கப்பழம் “பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

கவுண்டரில் பட்டியல் கொடுத்தபோது குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டார். பேரத்தின் முடிவை எழுதப் படிவத்தில் மூன்று கட்டம்தான்: ஆம், இல்லை, ரத்து. இது எதில் வரும் என்று கேட்டார். பார்ப்போம் என்றால் பார்ப்போம்தான், இதில் என்ன எதில் வரும் என்று தங்கப்பழம் எகிறினார். சம்பந்தம் பேசப் போன இடத்தில், கடன் கேட்டு வந்த இடத்தில், தேர்தலில் ஓட்டு கேட்டு வந்தவனிடம், ஊர் உலகம் முழுக்க இதைத்தானே சொல்கிறது என்றார். குமாஸ்தா அதை மறுக்கவில்லை. ஆமுக்கும் இல்லைக்கும் நடுவில் உள்ள கோட்டின் மேல் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து எண்ணினால் ஒன்று குறைந்தது. பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு, வந்து சேர்ந்தது இருநூற்றுப் பதினொன்று. பெயர் கூப்பிட்டுப் பார்த்ததில் ‘பார்ப்போம்’தான் இல்லை. மற்றவற்றை அடுக்கி முடித்ததும் இருபத்தொன்பது அங்குலமும் நிரம்பிவிட்டது. ஈ உட்கார இடமில்லை. தீப்பெட்டியில் மட்டும் இன்னும் ஒரே ஒரு ‘ம்’ கொள்ளும்.

பதினேழாம் நாள் சந்தையிலிருந்து கடிதம் வந்தது. ஒரே பேரத்தைப் பற்றி இருவர் கொடுத்த பட்டியலும் ஒத்துப்போக வேண்டும். தங்கப்பழத்தின் பட்டியல் கோட்டின் மேல் நிற்கிறது, கொம்பையாவின் பட்டியல் பேரம் முடிந்துவிட்டது என்கிறது. ஆகவே மறுநாள் திங்கட்கிழமை ஆய்வு. அந்தச் சொல்லை ஆஜர்படுத்த வேண்டும். தவறினால் பலகை கழற்றப்படும்.

தங்கப்பழத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. பலகை போனால் மறுபடியும் மூட்டைதான். தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சந்தைப் பாதை முழுக்கத் தேடினார். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் யார் யாரோ சொல்லிவிட்டுப் போன ‘நாளைக்கு’கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவருடையது இல்லை. வீட்டுக்கு வந்து, வாய் தவறிக்கூடப் பேரம் ஆகிவிடாதபடி பொதுவாகக் கூரையைப் பார்த்து வைதார்.

பேச்சியம்மாள் குருணையைப் புடைத்தபடி கேட்டாள்.

“உங்க பார்ப்போம் என்னைக்கு உங்ககிட்ட நின்னுச்சு? அது நம்புனவங்க பின்னாலதான போகும்.”

அது சரியாகப் பட்டது. நேரே கொம்பையா வீட்டுக்குப் போனார். கொம்பையா உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். இங்கே அப்படி எதுவும் வரவில்லையே அண்ணாச்சி என்று பாதியை விழுங்கிச் சொன்னார். ஆனால் பின்கட்டிலிருந்து கருப்பட்டி கடிக்கிற சத்தம் கேட்டது. நடுநடுவே ஒரு குரல் வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசிற்று. அது தங்கப்பழத்தின் குரல். என்ன சொல்கிறது என்று பிடிபடவில்லை. அடுத்தவன் வீட்டுப் பின்கட்டுக்குள் நுழைய ஆய்வாளருக்கு மட்டும்தான் உரிமை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அவர் சோர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பேச்சியம்மாள் உள்ளே போய், அரிசி டின்னுக்குள் கையை விட்டு ஒரு சொல்லை எடுத்து வந்தாள். அதுவும் ‘பார்ப்போம்’தான். பதினாலு வருடத்துக்கு முன்னால், குற்றாலம் போகவேண்டும் என்று அவள் கேட்டாள். மூன்று நாள் என்றாள். இவர் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றார். அவள் இரண்டு நாளுக்கு இறங்கி வந்தாள். இவர் துண்டை உதறிக்கொண்டு வாசலுக்குப் போய், “பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டுப் பேரத்தைப் பராமரிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவளாகத்தான் வளர்த்தாள். ஒரு குந்துமணி எடை கூடவில்லை, குறையவில்லை. சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கும்.

“இதக் கொண்டுபோங்க. ஆனா திருப்பித் தந்துரணும்.”

சந்தை அலுவலகத்தில் ஆய்வாளர் ஜெபமணி நகைத் தராசும் இஞ்சுடேப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வருடமாகச் சொல் எடை பார்க்கிறவர். பலகைக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பேச்சியம்மாளும் வந்திருந்தாள், தன் பொருள் ஆயிற்றே.

ஜெபமணி அந்தப் ‘பார்ப்போ’மைத் தட்டில் வைத்தார். அது உடனே தராசுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டது. அவர் குனிந்து முகர்ந்தார்.

“இது வத்தலுக்குச் சொன்னது இல்ல. இதுல அருவி வாடை அடிக்குது.”

தங்கப்பழம் விஷயத்தைச் சொன்னார். ஜெபமணி குறித்துக்கொண்டார். சொல்லைப் பேச்சியம்மாள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு பராமரிப்பை இந்தச் சந்தையில் யாரிடமும் தான் பார்த்ததில்லை என்றார். பலகைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்து கொம்பையா. மஞ்சள் பையை அவிழ்த்து, முழுக்கோழி அளவு ஒரு சொல்லை மேசைமேல் நிறுத்தினார். அது கழுத்தை நீட்டி, “சரி” என்றது. மறுபடியும் “சரி” என்றது.

தங்கப்பழம் காதைத் தீட்டிக் கேட்டார். அவர் குரலேதான். வருடத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை மட்டும் அவர் சொல்கிற அசல் ‘சரி’ மாதிரியே இருந்தது. அது உண்மையானால் முந்நூறு மூட்டையையும் கொம்பையா கேட்ட விலைக்கே வாங்கியாக வேண்டும். பட்டியலில் எழுதாமல் மறைத்ததற்குப் பலகையும் போகும்.

ஜெபமணி அதைத் தூக்கித் தட்டில் வைத்தார். தட்டு சடாரென்று இறங்கிற்று. சொல் பயந்துபோய், இறக்கையை அடித்துக்கொண்டு, “சரிப்போம்” என்றது.

ஜெபமணி அதன் அலகைத் திறந்து பார்த்தார். அண்ணத்தில் கருப்பட்டி ஒட்டியிருந்தது.

“எத்தன நாளாக் குடுத்தீங்க?”

“பதினெட்டு நாள்,” என்றார் கொம்பையா. முதன்முறையாக எதையும் விழுங்காமல் முழுதாகச் சொன்னார். “இன்னும் ரெண்டே நாள் கெடச்சிருந்தா வால் உதிர்ந்திருக்கும்.”

ஜெபமணி விதிப்புத்தகத்தைப் புரட்டவில்லை, அது அவருக்கு மனப்பாடம். சொன்னவர் சொல்லைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கவில்லை. கேட்டவர் அதை இருந்தபடி வைக்கவில்லை. ஆகையால் பதினேழும் போகும், நாலும் போகும். பலகைகளைக் கழற்ற ஆசாரியைத் திருப்புளியோடு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். ஆனால் ஒன்று. ஐந்து மணிக்குள் இருவரும் அதே பேரத்தை அவர் கண்ணெதிரே பேசி முடித்தால், முடிந்த பேரமாக எழுதிக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. மணி நாலு நாற்பது.

தங்கப்பழம் வாயைத் திறந்தார். திறந்தபடி அப்படியே நின்றார். இருபத்தொன்பது அங்குலமும் நிரம்பிக் கிடக்கிறது. இங்கே விழுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டிலருகே இடம் காட்டியாக வேண்டும். பாதி விலையைச் சொல்லவே ஆறு சொல் ஆகும். வசவுக்கு எங்கே போவது. முப்பது வருடமாக அவரைத் தூக்கி நிறுத்திய வாய், வத்தல் மூட்டை மாதிரி அவர் முகத்தில் கனத்தது. வாயை மூடினார். அவர் வாய் மூடி இருந்ததை இருபது வருடத்தில் கொம்பையா பார்த்தது அன்றுதான்.

அப்போதுதான் தோளில் கிடந்த துண்டு ஞாபகம் வந்தது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் விரலைப் பிடித்து விலை பேசுவதுபோல், துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் போட்டுக் கொம்பையாவை நோக்கி நீட்டினார். கொம்பையா அதைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் வலது கையைத் துண்டுக்கு அடியில் விட்டார்.

உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. துண்டு மட்டும் அசைந்தது. தங்கப்பழம் இரண்டு விரலைப் பிடித்திருப்பார்போல, கொம்பையா நாலைப் பிடித்திருப்பார். தங்கப்பழத்தின் நெற்றியில் நரம்பு புடைத்தது. வாசலுக்குப் போகலாம் என்று காலை எடுத்து வைத்தார். கை கொம்பையாவிடம் இருந்ததால் கொம்பையாவும் கூட வந்தார். வாசலில் இருவருமாகக் குனிந்து செருப்பைத் தேடினார்கள். இருவர் செருப்பும் காலில்தான் இருந்தன. திரும்பி வந்தார்கள். துண்டு ஒரு தடவை குலுங்கிற்று, ஒரு தடவை நெளிந்தது. கொம்பையா மெல்ல ஓர் “அம்மா” சொல்ல வந்து விழுங்கிவிட்டார். நாலு ஐம்பத்தாறுக்குத் துண்டு அசைவது நின்றது. இருவரும் தலையாட்டினார்கள்.

பலகைக்காரர்கள் மூச்சு விட்டார்கள். தங்கப்பழம் கையை எடுக்கப் போனார்.

“கைய எடுக்காதீங்க,” என்றார் ஜெபமணி.

அவர் எழுந்து வந்து துண்டைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். படிவத்தில் எழுதிக்கொண்டே வாசித்தார். பேரத்தின் வடிவம்: கை, இரண்டு. மேலே துண்டு, ஒன்று. மூட்டை முந்நூறு. விலை: உள்ளே இருக்கிறது. சொன்னவரின் கைக்கும் பேரத்துக்கும் இடையே உள்ள தூரம்: அங்குலம் ஒன்றுமில்லை. கேட்டவரின் கைக்கும் அவ்வாறே. இவ்வளவு அருகில் வைக்கப்பட்ட ஒரு பேரத்தை அந்த அலுவலகம் அதுவரை பதிவு செய்ததில்லை. ஐந்து வருடம் இருந்தபடி இருக்க வேண்டும் என்று சொல்லி முத்திரை குத்தினார். மணி நாலு ஐம்பத்தொன்பது. ஆசாரி திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான்.

முதல் வாரம் தங்கப்பழம் வீடு, அடுத்த வாரம் கொம்பையா வீடு என்று ஏற்பாடாயிற்று. பதினேழாம் பலகையைக் கழற்றி நாலாம் பலகைக்குப் பக்கத்தில் வைத்து அடித்தார்கள், நம்பர் மாறவில்லை. இருவருக்கும் சேர்த்து ஒரே சட்டையை டெய்லர் மூன்று கை வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

சாப்பாடுதான் கொஞ்சம் சிரமம். வலது கை இரண்டும் துண்டுக்குள். இடது கையால் சாப்பிடுகிற வழக்கம் இரு வீட்டிலும் இல்லை. முதல் நாள் மத்தியானம் பேச்சியம்மாள் இரண்டு இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றிப் பிசைந்தாள். பிசைந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஊட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் அந்தப் பழைய ‘பார்ப்போம்’ இருந்தது, வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டு.

“குற்றாலம்,” என்றாள். “மூணு நாள்.”

தங்கப்பழம் கோபமாக நிமிர்ந்தார். கை மாட்டியிருந்ததால் வாசலுக்குப் போக முடியவில்லை. பேரம் கையிலேயே இருப்பதால் இப்போது வீட்டில் பேசுவதும் சந்தைக் கணக்கில்தான் ஏறும்; ஒரு நாள் என்று சொல்வதற்கு இரண்டு சொல் வேண்டும். கட்டிலைச் சுற்றிப் பார்த்தார். களவாணிகள் நாற்பத்தொன்றும் அவரையே பார்த்தன. கொம்பையா வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தார், அவருக்குப் பசி. தீப்பெட்டியில் ஓர் இடம்தான் இருந்தது.

“ம்,” என்றார் தங்கப்பழம்.

பேச்சியம்மாள் அதை எடுத்துத் தீப்பெட்டியில் போட்டு மூடிவிட்டு, முதல் உருண்டையைக் கொம்பையாவுக்குக் கொடுத்தாள்.

ஆடிச் சாரலில் மூவரும் போனார்கள். ஆண்கள் வரிசையில் தங்கப்பழமும் கொம்பையாவும் சேர்ந்தே நின்றார்கள். துண்டு நனையாமல் இருக்க மேலே ஒரு பாலித்தீன் பை கட்டியிருந்தது. பேச்சியம்மாள் கையில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அருவிக்கு எதிரே நின்றாள். பதினாலு வருடமாக முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் மெதுவாகத் திரும்பிற்று. சாரல் அதன் மேல் பட்டது. உடம்பை ஒரு முறை சிலிர்த்துக்கொண்டு, “பார்த்தோம்” என்றது.

அவள் மணி பார்த்தாள். நாலரை. ஆண்கள் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்கும் நடுவே, காலம் மாறிய சொற்களை ஐந்து மணிக்குள் பதிவதற்கென்று மூன்றாவதாக ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. அதில் அவளுக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். கவுண்டர் அருவிக்கு உள்ளே இருந்ததால் எல்லாரும் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். அவளும் கொண்டுவந்திருந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றாள்.